“யாரை இட்டுக்கினு போனாங்க?”: காஃப்காவின் ‘விசாரணை’ நாவலில் இடமும் மனிதர்களும்

(நூலக மாடியில் நடந்த மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.)



நான் விமர்சகன் இல்லை. பகலில் வங்கிக் கவுன்டர், ராத்திரியில் கவிதை. ஒரு நாவலை எடுத்துக்கொண்டு அதில் வரும் இடங்களையும் மனிதர்களையும் பற்றிப் பேசு என்றார்கள். ஃபிரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’யை எடுத்துக்கொண்டேன். ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மன் மொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கம் செய்து, க்ரியா வெளியிட்ட புத்தகம். ஏன் இதை எடுத்தேன் என்றால், கதாநாயகன் யோசஃப் க. வங்கியில் வேலை பார்ப்பவன். இன்னொரு காரணம் எங்க நைனா.

போன வருஷம் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணி குடிக்க உள்ளே போனேன். நைனா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அட்டையை எடுத்துப் பார்த்து “வி... சா... ர... ணை” என்று கூட்டினார். நிமிர்ந்து என்னைக் கேட்டார்: “யாரைடா இட்டுக்கினு போனாங்க?”

இந்த நாவலைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரைகள் கொஞ்சம் படித்திருக்கிறேன். இருத்தலின் அபத்தம், அந்நியமாதல், நவீன மனிதனின் தனிமை என்று எழுதியிருப்பார்கள். நைனா கேட்ட கேள்வியை யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. நம்ம தெருவில் விசாரணை என்பது தத்துவச் சொல் கிடையாது. ஜீப் சத்தம். ஊர்க்காரர் மோட்டார் கொட்டகையில் மோட்டார் காணாமல் போனபோது நைனாவை விசாரணைக்குத்தான் இட்டுக்கினு போனார்கள். மூணு ராத்திரி. என்ன வழக்கு, எந்தப் பிரிவு, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நாலாம் நாள் காலையில் “போடா” என்றார்கள், வந்தார். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. இடது கை தோளுக்கு மேலே தூக்க வராது. அதுதான் எங்களுக்குத் தெரியும்.

“பேங்க் ஆபீசர் ஒருத்தரை இட்டுக்கினு போறாங்க நைனா” என்றேன்.

“எத்தினி மணிக்கு?”

“காலையில. தூங்கி எழுந்திருக்கும்போது.”

“அதானே பார்த்தேன். ஆபீசர்னா காலையில வருவாங்க. நம்மள ராத்திரியில இல்ல வருவாங்க.”

அன்றிலிருந்து படித்ததை எல்லாம் அவரிடம் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். இந்தப் பேச்சில் பாதி அவருடையது.

காஃப்காவைப் பற்றி இரண்டு தகவல் சொல்லிவிடுகிறேன். அவர் பிராக் நகரத்து யூதர். 1906இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் போனவர்கள் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கிற இடம் அது. அந்த இயந்திரத்தில் சதுரத் தண்டுக்குப் பதில் உருளைத் தண்டு வைத்தால் விரல் பிழைக்கும் என்று விளக்கி அவர் எழுதிய அறிக்கை இன்றும் இருக்கிறது. ஆக, மனுவோடு வருகிறவர்களை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர் இந்த நாவலை எழுதியிருக்கிறார். எழுதியது 1914, 15இல். முடிக்கவில்லை. 1924இல் இறந்துபோனார். எரித்துவிடு என்று கேட்டுக்கொண்டும் நண்பர் மாக்ஸ் பிராட் எரிக்காமல் 1925இல் வெளியிட்டார்.

இன்னொன்று. காஃப்காவுக்குப் பதினாறு வயது நடந்த 1899இல், அவர் நாட்டிலேயே ஹில்ஸ்னர் என்கிற ஏழை யூத இளைஞன்மேல் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கொன்றதாக வழக்கு. யூதர்கள் சடங்குக்காகக் கிறிஸ்தவ ரத்தம் எடுப்பார்கள் என்கிற பழைய பொய்யை வைத்து ஊரே கொந்தளித்தது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பிறப்பே சாட்சியாகிற வழக்கு எப்படி இருக்கும் என்று பிராக் யூதப் பையன் ஒருவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

இனி நாவலின் இடத்துக்கு வருவோம். நகரத்துக்குப் பேர் கிடையாது. நீதிமன்றம் என்றால் நமக்குச் சிவப்புக் கட்டடம், தூண், படிக்கட்டு, கறுப்பு அங்கி எல்லாம் கண்ணில் வரும். க.வுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் விசாரணைக்கு அவன் போகவேண்டிய இடம் ஏழைகள் குடியிருக்கிற தெரு. இரண்டு பக்கமும் உயரமான வாடகை வீடுகள். சன்னலெல்லாம் படுக்கை காய்கிறது. மாடிப்படியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். எந்த மாடி என்றுகூட அவனுக்குச் சொல்லவில்லை. லான்ஸ் என்று ஒரு தச்சர் இங்கே இருக்கிறாரா என்று வாயில் வந்த பேரைச் சொல்லி வீடு வீடாக எட்டிப் பார்க்கிறான். ஐந்தாம் மாடியில் ஒரு பெண் தொட்டியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருக்கிறாள். ஈரக் கையால் உள்கதவைக் காட்டுகிறாள். அந்தக் கதவுக்கு அப்பால் கோர்ட். கூட்டம் நெரிகிறது. மேலே இருப்பவர்களுக்குக் கூரை தலையில் முட்டுகிறது. அடிபடாமல் இருக்கத் தலையில் தலையணை வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள்.

அந்தத் துணி துவைக்கிற பெண் கோர்ட் சேவகனின் மனைவி. அவர்களுக்கு அங்கே வாடகை இல்லாமல் வீடு. பதிலுக்கு, விசாரணை நாளில் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் தூக்கி வைத்து வீட்டைக் காலி செய்து தரவேண்டும். விசாரணை நீதிபதிக்கு அவள் வேண்டும் என்றால் சட்டம் படிக்கிற மாணவன் ஒருவன் வந்து தூக்கிக்கொண்டு போவான். அந்த நேரம் பார்த்துப் புருஷனை ஒன்றுமில்லாத வேலைக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். அவன் ஓட்டமாக ஓடித் திரும்பி வந்தாலும் அதற்குள் தூக்கிக்கொண்டு போயிருப்பான். மாணவனைச் சுவரோடு வைத்து நசுக்குகிற மாதிரி கனவு காண்பானே ஒழிய, கை ஓங்கமாட்டான். வேலை போய்விடும்.

இந்த இடத்தைச் சொன்னபோது நைனா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பொம்பளையப் பத்தி அப்புறம் என்னா எழுதியிருக்கு?” என்றார். ஒன்றும் பெரிசாக இல்லை. க. அவளை வைத்து நீதிபதியை அவமானப்படுத்த முடியுமா என்று கணக்குப் போடுகிறான். மாணவன் தூக்கிக்கொண்டு போனதும் தான் தோற்றுவிட்டதாக நினைக்கிறான். அவள் என்ன ஆனாள் என்பது அவன் கவலை இல்லை.

கோர்ட் அலுவலகம் எங்கே இருக்கிறது என்றால் அதே வீட்டுப் பரணில். பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் துணி காயப் போடுகிற இடம். வெயில் கூரையில் இறங்குகிறது, காற்று இல்லை. பெஞ்சில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், தொப்பியைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு. யார் நடந்து போனாலும் எழுந்து நிற்கிறார்கள். க.வுக்கு மயக்கம் வருகிறது. அந்தக் காற்றிலேயே கிடந்து பழகிய அதிகாரிகளுக்கு வெளிக்காற்று பட்டால் மயக்கம் வருகிறது. ஓவியன் டிட்டொரெல்லி வீட்டுக்குப் போனால், அவன் கட்டிலுக்குப் பின்னால் ஒரு கதவு. திறந்தால் அங்கேயும் கோர்ட் அலுவலகம். அநேகமாக எல்லாப் பரணிலும் இருக்கிறது என்கிறான்.

விமர்சகர்கள் இதைக் கனவு மாதிரி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் ஏழைகளின் தலைக்கு மேலேயே குடியிருக்கிறது. அவர்கள் அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறார்கள், கதவு காட்டுகிறார்கள், அது பெருக்கித் தள்ளுகிற குப்பையை அள்ளுகிறார்கள். அந்த வீட்டில் ஒருத்தருக்காவது கோர்ட்டைப் பார்த்து ஆச்சரியம் உண்டா? கிடையாது. முப்பது வயசுவரை சட்டம் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்த க. ஒருவனுக்குத்தான் ஆச்சரியம். அவன் அதிர்ச்சியை மனிதகுலத்தின் அதிர்ச்சி என்று சொல்கிறவர்கள், துணி அலசுகிறவளை மனிதகுலத்தில் சேர்க்கவில்லை.

அடுத்தது மனிதர்கள். க.வை நல்லவன் என்று நினைத்துத்தான் நானும் படிக்க ஆரம்பித்தேன். கைது செய்ய வந்தவர்கள் அவன் காலைச் சாப்பாட்டைத் தின்கிறார்கள், உள்ளாடை நல்லதாக இருக்கிறதே என்று கை வைக்கிறார்கள். பாவமாக இருக்கும். ஆனால் அந்த அறையில் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள். சுவரில் இருக்கிற போட்டோவைப் பார்த்துக்கொண்டு. க. அவர்களைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் உங்கள் வங்கியின் குமாஸ்தாக்கள் என்று மேற்பார்வையாளன் சொன்ன பிறகுதான் அடையாளம் தெரிகிறது. ராபன்ஸ்டைனர், குலிஷ், காமினர். தினம் பார்க்கிற முகங்கள். நான் குமாஸ்தா. அந்தப் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டேன். புத்தகத்தில் எனக்கான இடம் அதுதான், சுவர் ஓரம்.

பிறகு விசாரணை நீதிபதி கேட்கிற முதல் கேள்வி. வீட்டுக்கு வண்ணம் பூசுகிற பெயின்டர்தானே நீ? க.வுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. இல்லை, பெரிய வங்கியொன்றில் முக்கிய அதிகாரி என்கிறான். கூட்டத்தில் ஒரு பக்கம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. அங்கிருந்து அவன் நீளமாகச் சொற்பொழிவு ஆற்றுகிறான். சரி, ஒருவேளை அவன் பெயின்டராக இருந்திருந்தால்? அந்தக் கேள்வியில் என்ன தப்பு? பெயின்டரை இப்படி இழுத்து வந்திருந்தால் நாவல் எழுத ஒன்றும் இல்லை என்றுதானே எல்லாரும் நினைத்திருப்போம்?

எனக்கும் இது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒருவர் சிரித்துக்கொண்டே “எந்தக் கோட்டாப்பா?” என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘ஆமாம், எங்க தாத்தன் பாட்டன் உழைச்ச கூலி பாக்கியில் வந்த வேலை’ என்று சொல்லியிருக்கலாம். நான் என் மார்க்கைச் சொன்னேன். பட்டப்படிப்பைச் சொன்னேன். பெயின்டர் இல்லை என்று க. சொன்னானே, அதே குரலில்.

ஆள் யார் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் சட்டம் மற்றதைப் பார்க்கும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை மேலே சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அவ்வளவு வசதியான பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் போய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். அங்கேயும் கேள்வி அதுதான். நீ பெயின்டரா, அதிகாரியா?

க.வின் கதையில் எனக்குத் தூக்கம் வராமல் செய்த இடம் கோர்ட்டில் இல்லை, வங்கியில் இருக்கிறது. ஒரு சாயங்காலம் வங்கியில் சாமான் போடுகிற அறையில் முனகல் கேட்டுக் கதவைத் திறக்கிறான். தோலாடை போட்ட ஒருவன் பிரம்போடு நிற்கிறான். அடிபடப் போகிறவர்கள் ஃபிரான்ஸ், வில்லெம். காலையில் கைது செய்ய வந்த அதே காவலர்கள். க. கோர்ட்டில் அவர்களைப் பற்றிப் புகார் சொன்னதால் இந்தத் தண்டனை. க. காசு கொடுத்துத் தடுக்கப் பார்க்கிறான். முதல் அடி விழுந்து ஃபிரான்ஸ் அலறியதும் கதவைச் சாத்திவிடுகிறான். சத்தம் கேட்டு ஓடிவந்த பியூன்களிடம், வெளியே நாய் கத்துகிறது என்கிறான். மறுநாள் திறந்து பார்த்தால் அதே அறை, அதே ஆட்கள், அதே பிரம்பு. மறுபடி சாத்திவிட்டு, அந்த அறையைச் சுத்தம் பண்ணுங்கள், ஒரே குப்பை என்று பியூன்களை விரட்டுகிறான்.

கடைசியில் ஊருக்கு வெளியே கல்குவாரியில் இரண்டு பேர் அவன் நெஞ்சில் கத்தியை இறக்கும்போது அவனும் தன் சாவை நாயின் சாவு என்றுதான் நினைக்கிறான். ஒரு வருஷத்துக்கு முன்னால் அடிவாங்கின மனிதனை நாய் என்று சொன்னவன் அவன்தான். காஃப்கா இதை விளக்கவில்லை. விளக்க வேண்டியதும் இல்லை.

டிட்டொரெல்லி க.வுக்கு மூன்று வழி சொல்கிறான். முழு விடுதலை: அப்படி ஒன்று நடந்து அவன் பார்த்ததே இல்லை. மேலோட்டமான விடுதலை: வீட்டுக்கு அனுப்புவார்கள், ஆனால் கட்டு மேசைக்கு மேசை சுற்றிக்கொண்டிருக்கும், எப்போது வேண்டுமானாலும் மறுபடி பிடிப்பார்கள். மூன்றாவது வழக்கைக் கீழ்ப்படியிலேயே நகரவிடாமல் இழுப்பது. இதற்கு நம்ம கோர்ட்டில் பேர் இருக்கிறது: வாய்தா. 2022ஆம் வருஷ தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு விசாரணையே தண்டனை.

இனி வியாபாரி பிளாக். அஞ்சு வருஷத்துக்கு மேல் வழக்கு நடத்துகிறான். ஹுல்ட் என்ற படுக்கையில் கிடக்கிற வக்கீல் போதாதென்று ரகசியமாக இன்னும் ஐந்து குட்டி வக்கீல்கள். வியாபாரம் கரைந்து ஒரே அறைக்கு வந்துவிட்டது. வக்கீல் எந்த நேரம் கூப்பிட்டாலும் ஓடிவர வேண்டும் என்று அவர் வீட்டு வேலைக்காரி அறையில் தூங்குகிறான். கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு வக்கீல் கையை முத்துகிறான். அவனைப் பார்த்து க.வுக்கு அருவருப்பு. ஆனால் நாவலில் மிக முக்கியமான விஷயத்தைச் சொல்பவன் பிளாக்தான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் சேர்ந்து ஒன்றும் செய்ய முடியாது என்கிறான். ஒவ்வொரு வழக்கும் தனித்தனி. எப்போதாவது நமக்கெல்லாம் பொதுவாக ஏதோ இருக்கிறது என்று ஒரு நினைப்பு வரும், உடனே அது தப்பு என்று தெரிந்துவிடும் என்கிறான்.

பரணில் அந்தப் பெஞ்சை நினைத்துப் பாருங்கள். அத்தனை பேர் ஒரே பெஞ்சில். ஒருத்தர் மற்றவரிடம் உன் வழக்கு என்ன என்று கேட்பதில்லை. இந்தக் கோர்ட்டின் பலம் பிரம்பில் இல்லை, கத்தியில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசவிடாமல் வைத்திருக்கிறதே, அங்கே இருக்கிறது.

தேவாலயத்தில் பாதிரியார் க.வுக்கு ஒரு கதை சொல்கிறார். பலருக்கும் தெரிந்த கதை. காஃப்கா உயிரோடு இருந்தபோதே 1915இல் தனியாக வெளியிட்டது. கிராமத்திலிருந்து ஒருத்தன் சட்டத்தின் வாசலுக்கு வருகிறான். காவலாளி, இப்போது விடமுடியாது என்கிறான். முக்காலி போட்டு ஓரமாக உட்காரவைக்கிறான். வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறான். கொண்டுவந்ததை எல்லாம் லஞ்சமாகக் கொடுக்கிறான். காவலாளி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நீ ஏதோ விட்டுவிட்டதாக வருத்தப்படக் கூடாதே என்றுதான் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். சாகும்போது கிராமத்தான், இத்தனை வருஷத்தில் வேறு யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கிறான். இது உனக்கான வாசல் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறான் காவலாளி.

தோழர்களே, இதைப் படித்த ராத்திரி நான் நைனாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிளைக்கு ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். நம்ம ஜனம்தான். புருஷன் இறந்துவிட்டார். அவர் கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம் கிடந்தது. நாமினி போடவில்லை. வாரிசுச் சான்று கேட்டேன், கொண்டுவந்தார். அதில் இருந்த பேரும் ஆதாரில் இருந்த பேரும் ஒரு எழுத்து மாறியது. திருத்தி வரச் சொன்னேன். வந்தார். மேனேஜர் லீவு. வந்தார். சர்வர் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. கவுன்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதில்லை. கவனித்திருந்தால்தானே சொல்ல?

ஐந்தாவது தடவை வந்தபோது ஒரு மஞ்சள் பையில் வேர்க்கடலை கொண்டுவந்தார். பச்சைக் கடலை, மண்ணோடு. “இன்னாத்துக்கும்மா இதெல்லாம்” என்றேன். “எடுத்துக்கப்பா” என்றார். வாங்கிக்கொண்டேன். அவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் வாங்கிக்கொண்டேன்.

இதே வார்த்தையைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். காவலாளி சொல்கிற காரணம் அச்சாக அதுதான். அந்தக் கடலையை வீட்டில் வேகவைத்துத் தின்றோம். நைனாவும் தின்றார். நம்மாள் ஒருத்தன் கவுன்டருக்கு அந்தப் பக்கம் போய்விட்டான் என்று எங்க தெருவே மகிழ்ந்தது. போனவன் முக்காலி போட்டு உட்காரவைத்தான்.

அவருக்குப் பணம் பிறகு கிடைத்தது. அதனால் என் கணக்கு தீர்ந்துவிடவில்லை.

கிராமத்தான் சாகும்போது கேட்ட கேள்வி இருக்கிறதே, அதை முதல் நாளே கேட்டிருந்தால்? வேறு யாரும் ஏன் வரவில்லை? நமக்கு அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்க பாபாசாகேப் தனியாகப் போகவில்லை. ஆயிரக்கணக்கில் போனார்கள். சாதி இந்துக்கள் அது தனியார் குளம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள், டிசம்பரில் தடை வாங்கினார்கள். வாசலில் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, பத்து வருஷம். 1937 மார்ச் 17ஆம் தேதிதான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தப் பத்து வருஷமும் முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தடை வாங்கிய அதே மாதம் 25ஆம் தேதி மகாடிலேயே மனுதர்மத்தைக் கொளுத்தினார்கள். காத்திருந்தார்கள், ஆனால் கூட்டமாகக் காத்திருந்தார்கள். கோர்ட்டில் வழக்கும் நடந்தது, வெளியில் இயக்கமும் நடந்தது. பிளாக் சொன்னது பொய் என்று அந்தக் குளம் சாட்சி சொல்லும்.

காஃப்கா வழி சொல்லவில்லை என்று சிலர் குறைப்படலாம். வழி சொல்வது அவர் வேலை இல்லை. தனியாகப் போனவனை என்ன செய்வார்கள் என்று கடைசிவரை காட்டிவிட்டார். மிச்சம் நம்ம வேலை. அவருடைய மூன்று தங்கைகளையும் பின்னால் நாஜிகள் கொன்றார்கள். அதற்கும் சட்டம் இருந்தது, ஃபாரம் இருந்தது, கவுன்டர் இருந்தது, கவுன்டரில் என்னை மாதிரி ஒரு குமாஸ்தாவும் இருந்திருப்பான்.

கடைசியாக ஒன்று. நானும் இன்னும் நாலு தோழர்களும், ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் தாலுகா ஆபீஸ் இளநிலை உதவியாளர், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இதே மாடியில் உட்காரலாம் என்றிருக்கிறோம். வாரிசுச் சான்று, சாதிச் சான்று, வன்கொடுமை வழக்கில் நிவாரணத் தொகை, எதுவானாலும் காகிதத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். மனு எழுதித் தருவோம். ஆபீசுக்கும் சேர்ந்து போவோம்.

நைனாவிடம் கடலை விஷயத்தைப் போன வாரம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அந்தம்மாவையும் ஞாயித்துக்கெழம வரச் சொல்லு” என்றார். அவ்வளவுதான்.

வருகிறவர்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். தனியாக வர வேண்டாம்.

ஜெய்பீம்.